முதலில் அம்பு, பிறகு எண்: வட்ட இயக்கத்துக்கு ஒரு கத்திப்பாரா வழிகாட்டி

வட்ட இயக்கப் பாடம் தொடங்கியதும் வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "சார், வேகம் மாறவே இல்லை என்கிறீர்கள். அப்புறம் முடுக்கம் மட்டும் எங்கிருந்து வந்தது?" நியாயமான கேள்வி. சென்னையின் கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில் ஸ்கூட்டரில் போகிறவரின் ஸ்பீடோமீட்டர் முள் 36இல் அசையாமல் நிற்கிறது. அவர் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக முறுக்கவில்லை, பிரேக்கையும் தொடவில்லை. ஆனாலும் வளைவு முடியும்வரை அவருக்கு முடுக்கம் இருந்துகொண்டே இருக்கிறது. அது அற்ப சொற்ப முடுக்கமும் இல்லை.

இந்தக் கேள்விக்குப் பதிலாகக் கரும்பலகையில் சூத்திரத்தை எழுதிப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. சூத்திரம் எண்ணைத் தரும். மாணவருக்குக் குழப்பமோ எண்ணில் இல்லை, திசையில் இருக்கிறது. அதனால் இங்கே ஒரே ஒழுங்குதான்: முதலில் அம்புக்குறி, பிறகு எண். பதினோராம் வகுப்பு மாணவரோ, போட்டித் தேர்வுக்குப் படிப்பவரோ, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த பெற்றோரோ, யாராக இருந்தாலும் ஒரு நோட்டு, காம்பஸ், அளவுகோல், நூல், அழிரப்பர் போதும். கைபேசி கடைசியில் ஒரு முறை தேவைப்படும்.

படி 1: வட்டத்தை வரைந்து அம்புகளைப் போடுங்கள்

4 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 10 மீட்டர். அதாவது வளைவின் ஆரம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறோம். உண்மையான மேம்பால வளைவு இப்படிக் கச்சிதமான வட்டத்துண்டாக இருக்காது. நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மெல்ல நிமிர்ந்துகொள்ளும். கற்றுக்கொள்ள இந்த எளிமை போதும்.

மணிக்கு 36 கி.மீ. என்பதை 3.6ஆல் வகுத்தால் வினாடிக்கு 10 மீட்டர். இந்த மாற்றத்தை முதல் வரியிலேயே முடித்துவிடுங்கள். மணிக்கணக்கை அப்படியே வர்க்கப்படுத்தியவர்களின் விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

இப்போது வட்டத்தைக் கடிகார முகப்பாக எண்ணிக்கொள்ளுங்கள். மேலே வடக்கு. நம் ஊரில் இடப்பக்கமாக வண்டி ஓட்டுகிறோம். கத்திப்பாரா போன்ற க்ளோவர் இலை வடிவ மேம்பாலத்தில் வலப்பக்கச் சாலைக்குப் போக வேண்டியவர், பாலத்தைக் கடந்ததும் இடப்பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றித்தான் அந்தச் சாலையில் இறங்க வேண்டும். கிழக்கு நோக்கி வந்த ஸ்கூட்டர் 6 மணிப் புள்ளியில் வட்டத்துக்குள் நுழைகிறது. 3 மணிப் புள்ளியில் அது வடக்கு நோக்கும், 12இல் மேற்கு நோக்கும், 9இல் தெற்கு நோக்கி வெளியேறும். இந்த நான்கு இடங்களிலும் ஒரே நீளத்தில், வட்டத்தைத் தொட்டுச் செல்லும் தொடுகோடாக ஓர் அம்பு போடுங்கள். அந்த அம்புதான் திசைவேகம். அதன் நீளம் மட்டும் வேகம்.

அம்பு ஏன் தொடுகோட்டில் இருக்க வேண்டும், மையத்திலிருந்து வெளியே நோக்கி இருக்கக் கூடாதா என்று சந்தேகம் வந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள். அழிரப்பரை நூலில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றி, விரலைத் தளர்த்திவிடுங்கள். அது உங்களிடமிருந்து நேராக வெளிநோக்கிப் பறக்கும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படிப் பறப்பதில்லை. விட்ட கணத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே, தொடுகோட்டில் போகும். எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராகப் போகவேண்டும் என்றால் ஜன்னலுக்கு நேரே வரும்போது விடக் கூடாது, கால் வட்டம் முன்னதாக விட வேண்டும். (போகக் கூடாது என்றாலும் இதே கணக்குதான்.)

படி 2: ஓர் அம்பிலிருந்து இன்னோர் அம்பைக் கழியுங்கள்

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். திசைவேகம் அம்பு என்றால், மாற்றமும் ஓர் அம்புதான். வட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள், 10 டிகிரி இடைவெளி போதும். இரண்டிலும் உள்ள திசைவேக அம்புகளைத் தாளின் ஓரத்துக்குக் கொண்டுபோய், வால்கள் ஒரே புள்ளியில் சேரும்படி மறுபடி வரையுங்கள். திசையைத் திருப்பாமல் நகர்த்த வேண்டும். முதல் அம்பின் முனையிலிருந்து இரண்டாவதன் முனைக்கு ஒரு கோடு இழுங்கள். அதுதான் மாற்றம். மிகச் சிறிய கோடு. அது அம்புகளுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கிறது. அந்தக் கோட்டை மறுபடி வட்டத்தில் அந்த இரு புள்ளிகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். மையத்தைக் காட்டும்.

வட்டத்தின் எந்த இடத்தில் செய்தாலும் இதுதான் நடக்கும். அம்பின் நீளம் மாறவில்லை, திசை மாறியது. அந்த மாற்றத்துக்கும் ஒரு வீதம் உண்டு. அதனால்தான் ஸ்பீடோமீட்டர் முள் அசையாதபோதும் முடுக்கம் இருக்கிறது. ஸ்பீடோமீட்டருக்குத் திசை தெரியாது.

இதே படத்திலிருந்து அளவும் வந்துவிடும். ஓரத்தில் வரைந்த அம்பு முக்கோணமும், மையத்தையும் இரு புள்ளிகளையும் இணைக்கும் முக்கோணமும் வடிவொத்தவை. இரண்டிலும் உச்சிக்கோணம் ஒன்றே. எனவே, மாற்றத்தை வேகத்தால் வகுத்தால் கிடைப்பதும், புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதும் சமம். அந்தச் சிறு தூரம் வேகம் × நேரம். இருபுறமும் நேரத்தால் வகுத்தால்:

முடுக்கம் = வேகம் × வேகம் ÷ ஆரம்

இதற்கு மையநோக்கு முடுக்கம் என்று பெயர். வட்டத்தில் சுற்றும் பொருளின் விசையைப் பற்றிய இந்த முடிவுகளை ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ் 1673இல் அச்சில் வெளியிட்டார். நியூட்டனின் பெருநூல் வெளிவந்தது 1687இல்தான்.

படி 3: இப்போது எண்

10 × 10 ÷ 40 = 2.5 மீ/வி². புவியீர்ப்பு முடுக்கமான 9.8இல் கால்வாசி. நேர்ச்சாலையில் இதே அளவு முடுக்கத்தில் கிளம்பினால் நான்கு வினாடியில் பூஜ்ஜியத்திலிருந்து மணிக்கு 36 கி.மீ.க்கு வந்துவிடலாம்.

ஸ்கூட்டர் வளைவின் உட்பக்கம் சாய்வதும் இந்த எண்ணால்தான். சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு, முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தது. 2.5 ÷ 9.8 என்பது 0.255, கோணம் சுமார் 14 டிகிரி. ஓட்டுகிறவர் டேஞ்சன்ட் அட்டவணையைப் பார்க்காமலே சரியாகச் சாய்கிறார்.

வேகம் வர்க்கமாக வருவதைக் கவனியுங்கள். வேகம் ஒன்றரை மடங்கானால் முடுக்கம் இரண்டேகால் மடங்கு. இந்த முடுக்கத்தைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.7, நனைந்த சாலையில் 0.4 என்று எடுத்துக்கொள்வோம். சாலை சாய்வில்லாமல் தட்டையாக இருந்தால் உராய்வு தரக்கூடிய அதிகபட்ச முடுக்கம் (குணகம் × 9.8) முறையே 6.9, 3.9 மீ/வி². அதற்குரிய வேகங்கள் மணிக்குச் சுமார் 60, 45 கி.மீ. செப்டம்பரில் ஒன்றும் ஆகாமல் 50இல் திரும்பிய அதே வளைவில், ஐப்பசி மழையில் 50இல் திரும்பினால் டயர் வழுக்கும். மணலோ எண்ணெயோ கிடந்தால் 45 கூடத் தாங்காது. வண்டியின் எடை இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதையும் பாருங்கள். விசையிலும் நிறை இருக்கிறது, உராய்விலும் இருக்கிறது, இரண்டும் அடிபட்டுப் போகின்றன.

படி 4: சராசரியையும் அந்தக் கணத்தின் மதிப்பையும் கலக்காதீர்கள்

தேர்வில் மதிப்பெண் அதிகம் போகிற இடம் இது. நம் ஸ்கூட்டரை 6 மணிப் புள்ளியிலிருந்து 3 மணிப் புள்ளிவரை, கால் வட்டம் மட்டும் ஓட்டிப் பார்ப்போம்.

போன தூரம் 62.8 மீட்டர், எடுத்த நேரம் 6.28 வினாடி. சராசரி வேகம் 10 மீ/வி. இதில் புதுமை இல்லை. இடப்பெயர்ச்சி என்பது தொடக்கத்தையும் முடிவையும் இணைக்கும் நேர்க்கோடு: பித்தாகரஸ்படி 56.6 மீட்டர், வடகிழக்கில். எனவே சராசரித் திசைவேகம் 9 மீ/வி, வடகிழக்கு. திசைவேகம் கிழக்கே 10இலிருந்து வடக்கே 10ஆக மாறியிருக்கிறது. அம்புகளைக் கழித்தால் மாற்றம் 14.1 மீ/வி, வடமேற்கில். அதை 6.28ஆல் வகுத்தால் சராசரி முடுக்கம் 2.25 மீ/வி².

வழி முழுக்க ஒவ்வொரு கணமும் முடுக்கம் 2.5. சராசரி மட்டும் 2.25. முரண்பாடு இல்லை. 2.5 நீளமுள்ள அம்பு 90 டிகிரி திரும்பிக்கொண்டே வந்ததால் அதன் ஒரு பகுதி தன்னைத்தானே கழித்துக்கொண்டது. வடமேற்கு என்ற திசையையும் சரிபார்க்கலாம்: கால் வட்டத்தின் நடுப்புள்ளி நாலரை மணி இடம். அங்கிருந்து மையம் வடமேற்கில்தானே இருக்கிறது?

இனி முக்கால் வட்டம் முழுவதையும் ஓட்டுங்கள். நேரம் 18.85 வினாடி. இடப்பெயர்ச்சி அதே 56.6 மீட்டர், இந்த முறை வடமேற்கில். சராசரித் திசைவேகம் 3 மீ/வி. கிழக்கு நோக்கி நுழைந்தவர் தெற்கு நோக்கி வெளியேறுகிறார். மாற்றம் மறுபடி 14.1, தென்மேற்கில். சராசரி முடுக்கம் வெறும் 0.75 மீ/வி². டயரின் மேல் வழி நெடுக இருந்த பாரம் 2.5க்கு உரியது. 0.75 என்ற எண்ணை நம்பி மழையில் வளைவில் இறங்குகிறவர் விழுவார். ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரித் திசைவேகமும் பூஜ்ஜியம், சராசரி முடுக்கமும் பூஜ்ஜியம். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயப் பாதை ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. அது வட்டமே இல்லை, பல வளைவுகள் கொண்டது. இருந்தாலும் எவ்வளவு வேகமான கார் ஓடினாலும் ஒரு சுற்று முடித்துக் கோட்டைத் தொடும்போது அதன் சராசரித் திசைவேகம் பூஜ்ஜியம்தான்.

வினாத்தாளில் "சராசரி" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் மையநோக்கு முடுக்கச் சூத்திரத்தைத் தொடாதீர்கள், அம்புகளைக் கழியுங்கள்.

படி 5: எது மாறாமல் இருக்கிறது என்று கேளுங்கள்

ஆரம் கூடினால் மையநோக்கு முடுக்கம் கூடுமா, குறையுமா? ஒரு சூத்திரத்தில் ஆரம் கீழே இருக்கிறது. இன்னொன்றில், அதாவது கோணத் திசைவேகத்தின் (வினாடிக்கு எவ்வளவு கோணம் சுழல்கிறது என்பதன்) வர்க்கம் × ஆரம் என்பதில், மேலே இருக்கிறது. இரண்டும் சரி. கேள்வியில் எதை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது விடை. சாலையில் வேகத்தை மாற்றாமல் இறுக்கமான வளைவில் திரும்பினால் முடுக்கம் கூடும். ஒரே அச்சில் சுழலும் பொருளில் எல்லாப் புள்ளிகளுக்கும் கோணத் திசைவேகம் ஒன்றே. அங்கே வெளியே போகப் போக முடுக்கம் கூடும்.

இரண்டாவதைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் போதும். வீடுகளில் பரவலாக இருக்கும் 1200 மி.மீ. மின்விசிறியின் இறக்கை முனை மையத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. நிமிடத்துக்கு 350 சுற்று என்று கொள்வோம். சுற்றுகளை 60ஆல் வகுத்து, 2πஆல் பெருக்கினால் கோணத் திசைவேகம்: வினாடிக்கு 36.7 ரேடியன். முனையின் வேகம் 22 மீ/வி, அதாவது மணிக்குச் சுமார் 79 கி.மீ. முடுக்கம் 806 மீ/வி²! புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 80 மடங்குக்கும் மேல். மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி உள்ள புள்ளிக்கு இவை இரண்டும் சரியாக மூன்றில் ஒரு பங்கு.

இவ்வளவு முடுக்கத்திலும் இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பாகத் தூசி எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது? தூசித் துகளின் நிறை மிக மிகக் குறைவு. அதை வட்டத்தில் இழுத்து வைத்திருக்கத் தேவையான விசையும் அவ்வளவு சிறியது. சென்னையின் ஈரக்காற்றும் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அந்த ஒட்டுதலைத் தாராளமாகத் தந்துவிடுகின்றன. முடுக்கம் பெரிது என்றால் விசையும் பெரிது என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் நிறை இருக்கிறது.

படி 6: வேகமும் மாறினால்

இதுவரை சீரான வட்ட இயக்கம். சுவிட்சைப் போட்டதும் மின்விசிறி வேகமெடுக்கும் நேரத்தில் முடுக்கத்துக்கு இரண்டு பாகங்கள் உண்டு. திசையைத் திருப்புவது மையநோக்கு முடுக்கம். அம்பின் நீளத்தைக் கூட்டுவது தொடுகோட்டு முடுக்கம். ஒன்றுக்கொன்று செங்குத்து.

பத்து வினாடியில் முழுவேகத்தை எட்டுகிறது, ஒரே சீராக வேகமெடுக்கிறது என்று கொண்டால் முனையின் தொடுகோட்டு முடுக்கம் 2.2 மீ/வி². சுவிட்சைப் போட்ட கணத்தில் வேகமே இல்லை, எனவே மையநோக்கு முடுக்கமும் இல்லை. முடுக்க அம்பு முழுக்கத் தொடுகோட்டில் கிடக்கிறது. ஒரு வினாடி கழித்து மையநோக்கு முடுக்கம் 8.1. இரண்டையும் பித்தாகரஸ்படி சேர்த்தால் 8.4, அம்பு மையத்தை நோக்கிய கோட்டிலிருந்து 15 டிகிரி மட்டுமே விலகியிருக்கும். ஒரே வினாடியில் மையநோக்குப் பாகம் ஆட்டத்தைக் கைப்பற்றிவிட்டது. அணைத்தால் தொடுகோட்டு அம்பு பின்பக்கம் திரும்பும். மையநோக்கு அம்பு அப்போதும் உள்ளேதான் காட்டும்.

படி 7: பேருந்தில் யார் தள்ளினார்?

மாநகரப் பேருந்து இடப்பக்கம் திரும்பும்போது கம்பியைப் பிடித்து நிற்பவர் வலப்பக்கம் சாய்கிறார். "மையவிலக்கு விசை தள்ளியது" என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் மையநோக்கு விசையையும் எழுதி, இரண்டும் சமம் என்று முடிப்பவர்கள் ஏராளம். இரண்டும் சமமாக இருந்து அடிபட்டுப் போனால் பேருந்து நேராக அல்லவா போகும்?

நான் சொல்லும் விதி எளியது. படத்தில் ஒரு விசை அம்பைப் போடும் முன், அதைத் தருவது எந்தப் பொருள் என்று பெயர் சொல்லுங்கள். பெயர் சொல்ல முடியாவிட்டால் அம்பு வேண்டாம். நிற்பவரின் காலைத் தளம் உராய்வால் உள்ளே இழுக்கிறது. கம்பி கையை உள்ளே இழுக்கிறது. வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் தோளைப் பேருந்தின் பக்கச்சுவர் உள்நோக்கித் தள்ளுகிறது. வெளிநோக்கித் தள்ளும் பொருள் ஒன்றும் இல்லை. உடல் நேராகப் போகப் பார்க்கிறது, பேருந்து அதன் கீழே திரும்புகிறது. பேருந்தோடு சேர்ந்து சுழலும் நோக்கில் கணக்குப் போடுவதானால் மையவிலக்கு விசை வரும், அது முறையானதுதான். ஆனால் அந்த நோக்கில் நீங்கள் அசையாமல் நிற்கிறீர்கள், மையநோக்கு முடுக்கம் என்ற பேச்சே கிடையாது. ஒரே படத்தில் இரண்டு நோக்கையும் கலக்கக் கூடாது.

படி 8: கைபேசியில் அளந்து பாருங்கள்

ஜெர்மனியின் ஆஹன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற செயலி இலவசம். மையநோக்கு முடுக்கத்துக்கென்றே அதில் ஒரு சோதனை இருக்கிறது. கைபேசியில் சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப் இருக்க வேண்டும். சுழல் நாற்காலியின் இருக்கையில், அச்சிலிருந்து சற்றுத் தள்ளி, கைபேசியை மல்லாக்க வைத்து டேப்பால் நன்றாக ஒட்டுங்கள். நாற்காலியைச் சுழற்றிவிட்டு, அது தானாக நிற்கும்வரை பதிவுசெய்யுங்கள். ஆரம் 20 செ.மீ., இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று என்றால் முடுக்கம் 2 மீ/வி² அருகில் வர வேண்டும். முடுக்கத்தைக் கோணத் திசைவேகத்தின் வர்க்கத்துக்கு எதிரே வரைந்தால் நேர்க்கோடு கிடைக்கும், அதன் சரிவுதான் ஆரம். நீங்கள் அளவுகோலால் அளந்த ஆரத்தோடு அது ஓரிரு செ.மீ. ஒத்துப்போகாவிட்டால் செயலியைக் குறை சொல்லாதீர்கள். முடுக்கத்தை உணரும் சில்லு கைபேசியின் நட்டநடுவில் இருப்பதில்லை. ஆரத்தை அந்தச் சில்லுவரை அளக்க வேண்டும்.

படி 9: சென்னையே சுற்றுகிறது

கடைசிப் பயிற்சி. சென்னை வடக்கே சுமார் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. புவியோடு சேர்ந்து நாம் சுற்றும் வட்டத்தின் ஆரம் புவியின் ஆரம் அல்ல. புவியின் ஆரமான 6378 கி.மீ.யை 13 டிகிரியின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும்: சுமார் 6210 கி.மீ. ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் (24 மணி என்பது சூரியனை வைத்துக் கணக்கிடும் நாள்). அசையாமல் நாற்காலியில் இருக்கும் உங்கள் வேகம் வினாடிக்குச் சுமார் 453 மீட்டர், மணிக்கு 1630 கி.மீ. முடுக்கம் 0.033 மீ/வி². கத்திப்பாரா ஸ்கூட்டர்காரருக்கு இருந்ததில் எழுபத்தைந்தில் ஒரு பங்குதான், ஏனென்றால் ஆரம் அவ்வளவு பெரியது. இந்த முடுக்கம் எதை நோக்கியது? புவியின் மையத்தை என்று எழுதினால் தவறு. நம் வட்டத்தின் மையம் புவியின் அச்சில், புவிமையத்துக்கு வடக்கே இருக்கிறது. அம்பு அச்சுக்குச் செங்குத்தாகப் போகும்.

அந்த 450 மீட்டரைச் செலவுக் கணக்கில் சேர்ப்பவர்கள் நமக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறார்கள். புவி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், தரையை விட்டுக் கிளம்பும் முன்பே ராக்கெட்டுக்குக் கிழக்குத் திசையில் அவ்வளவு வேகம் இருக்கிறது. புவிநிலைச் செயற்கைக்கோளுக்காகக் கிழக்கே ஏவும்போது அது லாபம். பிஎஸ்எல்வி ராக்கெட் சூரிய ஒத்தியக்கப் பாதைக்காக, அதாவது துருவங்களுக்கு அருகே கடந்துபோகும் பாதைக்காக, தெற்கு நோக்கிப் போகும்போது அதே வேகத்தால் பயன் இல்லை. அந்தப் பாதை மேற்கே சற்றுச் சாய்ந்தது என்பதால், கிழக்கு நோக்கிய அம்பை எரிபொருள் செலவிட்டுக் கழிக்க வேண்டியிருக்கிறது.